மூன்றாம் தூணின் கண்கள்

மழை நின்று நாலு மாதமாகியிருந்தது. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று குன்றுகளில் மிச்சமிருந்த பச்சையைத் துடைத்தெடுத்துவிட்டு, புழுதியை வாரிக்கொண்டுவந்து தலைநகரான மோர்ஸ்பியின் சோற்றுப் பானைகளில் கொட்டிக்கொண்டிருந்தது. செபிக் ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்வதில்லை. ஆற்றங்கரையில் தண்ணீர் அதிகம், கொசு அதிகம், ஆனால் பல்லில் மண் நெறுநெறுக்காது. லுத்வினா இங்கே வந்து ஆறு வருஷமாகிறது. இன்னமும் காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, இதெல்லாம் ஒரு ஊரா என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

மக்கள் மன்றத்தின் வேலியோரம் அவளுக்கு ஓர் இடம் உண்டு. ஒரு சாக்கு, அதன்மேல் அலுமினியத் தட்டு, தட்டில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள். ஊரிலிருந்து யாராவது விமானத்தில் வந்தால் புகைபோட்ட மீனும் இருக்கும். பக்கத்துச் சாக்கு மலைநாட்டுக்காரி கோப்பிலுடையது. அவள் வேர்க்கடலை விற்பவள். மூன்று வருஷமாக அந்தக் கட்டடம் வளர்வதைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்தவர்கள் இருவரும். கொத்தனார்களுக்குத் தெரியாத விரிசல்கூட அவர்களுக்குத் தெரியும்.

நாடு சுதந்திரம் வாங்கி எட்டு வருஷம். எழுநூறு பாஷை பேசுகிற ஜனம். வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆபீஸ்களில் உட்கார்ந்து எத்தனை நாள் ஆள்வது, பார்த்ததும் இது நம்முடையது என்று தோன்றுகிற மாதிரி ஒரு மன்றம் வேண்டும் என்று குழு போட்டார்கள். குழு பேசிப் பேசி, ஆற்றங்கரையில் ஆண்கள் மட்டும் கூடுகிற ஆண்வீட்டின் கூரையை எடுத்துக்கொண்டது. முன்பக்கம் படகின் மூக்குபோல வானத்தைப் பார்த்து எழும்புகிற அந்தக் கூரையைச் சிமெண்டில் எழுப்பினார்கள். முகப்பில் நாலு தூண்கள், கடலோரத்துக்கு ஒன்று, தீவுகளுக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று. கோப்பிலுக்கு இதில் திருப்தி இல்லை.

“எங்க வீடு குட்டையா, வட்டமா, புகை படிஞ்சு கிடக்கும். அத மாதிரி கட்டிருந்தா மந்திரியெல்லாம் குனிஞ்சுல்ல உள்ள போகணும்? அதான் கட்டல,” என்பாள். அதைச் சொல்லாமல் அவளுக்கு ஒருநாள் கழியாது.

மூன்றாவது தூண் ஆற்றுக்கு. அதைச் செதுக்கியவன் லுத்வினாவின் கணவன் அலோயிஸ். கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தூண் ஒன்றரை வருஷம் படுத்துக் கிடந்தது. இரும்பு மாதிரியான மரம், உளி இறங்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். வேலை முடியும்வரை பெண்கள் பார்க்கக் கூடாது என்பது ஆற்றங்கரை வழக்கம். தலைநகரத்தில் அந்த வழக்கத்துக்கும் ஓர் உத்தரவு தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, கொட்டகை வாசலில் ஒட்டியிருந்தார்கள். லுத்வினா சோற்றை வாசலோடு வைத்துவிட்டு வருவாள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவள் கேட்டதில்லை.

ஒரே ஒருமுறைதான் அலோயிஸ் அவளிடம் ஒன்று கேட்டான். அவள் கல்யாணத்தன்று அவளுடைய அப்பா தன் மார்பு மாலையிலிருந்து அறுத்துக் கொடுத்த இரண்டு வெள்ளைச் சங்கு வில்லைகளை. தூணின் உச்சியில் என் வகையறாக் கழுகு இருக்கிறது, அதற்குக் கண் வைக்க வேண்டும் என்றான். இந்த ஊர்க் கடையில் கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக் என்றான். அவள் துணியை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாள். நாட்டுக்குக் கொடுக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கிரேன் வந்த புதன்கிழமை வேலியோரம் நல்ல கூட்டம். தூணைச் சுற்றிக் கட்டியிருந்த தென்னோலைத் தட்டிகளோடு தூக்கி நிறுத்தினார்கள். நிறுத்தி, சிமெண்டு ஊற்றி, ஆட்கள் ஏணியில் ஏறித் தட்டிகளை மேலிருந்து அறுத்துக்கொண்டு வந்தார்கள். உச்சியில் கழுகு தெரிந்தது. அதன் கண்கள் வெறும் சோழி. லுத்வினா அதைப் பார்த்து யோசிப்பதற்குள் நடுவில் முதலை தெரிந்தது. முதலை ஆற்றங்கரையில் எல்லோருக்கும் பொது. கடைசித் தட்டி விழுந்தது. ஆள் உயரத்தில் ஒரு பெண்முகம். நீண்ட மூக்கு, கன்னத்தில் மூன்று மூன்றாகக் கோடுகள், இடது புருவத்தின்மேல் சின்ன வெட்டு. அதன் கண்களில் அவளுடைய அப்பாவின் சங்கு வில்லைகள் இருந்தன. சாயங்கால வெயிலில் அந்த முகம் நேராக அவளைப் பார்த்தது.

கூட்டம் கைதட்டியது. லுத்வினா தட்டை எடுத்துச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பாதி உருண்டைகள் விற்காமல் இருந்தன. கோப்பில் பின்னாலிருந்து கூப்பிட்டது அவள் காதில் ஏறவில்லை.

ஆற்றங்கரையில் ஒவ்வொரு வகையறாவுக்கும் ஓர் ஆண்வீடு, ஒவ்வோர் ஆண்வீட்டின் முகப்பிலும் ஒரு முகம். அந்த வீடே ஒரு பெண், ஒரு தாய். அந்தத் தாய்க்கு ஒரு பெயர் உண்டு. அதை அந்த வகையறா ஆண்கள் மட்டும் பாட்டில் வைத்துக் காப்பாற்றுவார்கள். இன்னொரு வகையறாக்காரன் அந்த முகத்தைச் செய்வது, அடுத்தவன் தாயைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு வருவதற்குச் சமம். பெண்ணெடுத்த மாப்பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான், மாப்பிள்ளை என்பதால் இன்னும் மோசம்.

விளக்கேற்றுவதற்கு முன்னால் அலோயிஸ் வந்துவிட்டான். வேலை முடிந்த சந்தோஷத்தில் ஒரு கொத்துப் பாக்கு வாங்கிவந்திருந்தான். தகரத்தில் அடைத்த மீனும் சோறும் வைத்தாள். அவன் பாதி சாப்பிடும்வரை காத்திருந்தாள்.

“அது எங்க வீட்டு முகம்யா.”

அவன் மென்றுகொண்டே இருந்தான். “தெரியும்.”

“தெரிஞ்சேதான் செஞ்சியா?”

“கை செஞ்சிருச்சு.”

அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். கழுகும் முதலையும்தான் முதலில் பேச்சு. ஆறு மாதத்துக்கு முன் கலைக்குழுச் செயலாளர் ஹெனாவோ வந்து, கீழே வெறுமையாக இருக்கிறதே, அங்கே தாய் ஒருத்தி இருந்தால் நன்றாக இருக்குமே என்றிருக்கிறார். நாட்டின் தாய். யாருடைய தாய் என்று இவன் கேட்டிருக்கிறான். எல்லோருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

“எங்க வகையறாத் தாயோட பேரு எனக்குத் தெரியும் லுத்வினா. பாட்டோட எங்கப்பன் சொல்லிக் குடுத்தாரு. மூஞ்சிய நான் பாத்ததில்ல. உலகச் சண்டையில குண்டு விழுந்து எங்க ஆண்வீடு எரிஞ்சப்ப நான் எங்கம்மா வயித்துல. பொறகு கட்டின வீட்டுல முகப்பு மொட்டையாத்தான் இருந்துச்சு. பாத்தவன் எவனும் உசிரோட இல்ல.” அவன் கழுவாத கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “உன்னைக் கட்டறதுக்கு முன்ன உங்கப்பாகிட்ட ரெண்டு வருசம் வேலை செஞ்சேன்ல. அப்ப வந்த வெள்ளத்துல உங்க ஆண்வீட்டு முகம் கீழ விழுந்து சேறாயிருச்சு. பத்து நாள் என் மடியில வெச்சுச் சேறெடுத்துக் கட்டினேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே முகம் அதான். உளிய வெச்சேன், அதுதான் வந்துச்சு.”

“எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“இது மோர்ஸ்பி. இங்க யாருகிட்ட கேக்கறதுன்னு இருந்துட்டேன்.”

லுத்வினாவுக்கு அவன்மேல் கோபம் வந்தது. அதைவிட இரக்கம் வந்தது. இரண்டுக்கும் மேலே பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுடைய அண்ணன் பெர்த்தோல்ட் திறப்பு விழாவுக்கு ஆட வருகிற குழுவோடு அடுத்த வியாழக்கிழமை விமானத்தில் வருகிறார். ஒரே மகன் புரூனோ லாயே நகரத்துத் தொழிற்பள்ளியில் தச்சு படிக்கிறான். டிசம்பர் லீவில் அவனை ஊருக்குக் கூட்டிப்போய் முதுகில் முதலைத் தோல்போலத் தழும்பு கீறி ஆண்வீட்டுக்குள் சேர்ப்பதாக ஏற்பாடு. கீறும்போது பையன் தாய்மாமன் மடியில்தான் படுத்திருக்க வேண்டும். கீறுகிற வலியைப் பிள்ளை மாமன் கையைப் பிடித்துக்கொண்டுதான் தாங்குவான், சிந்துகிற ரத்தம் மாமன் மடியில்தான் விழ வேண்டும், அது தாய் கொடுத்த ரத்தம், தாய் வீட்டுக்கே திரும்புகிறது. மாமன் மடி இல்லையென்றால் சடங்கு இல்லை. சடங்கு இல்லையென்றால் அவன் எத்தனை படித்தாலும் ஆற்றங்கரையில் நரைத்த சிறுவன்.

ஒரு வாரம் அவள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். மாவு பிசையும்போது ஒரு யோசனை தோன்றியது. தாய்மாமன் வகையறாவின் பொருளெல்லாம் மருமகனுக்கு உரிமை. பெண் எடுத்தவன் செய்தால் திருட்டு, அவன் பெற்ற பிள்ளை செய்தால் பெருமை. ஜூலை லீவில் புரூனோ வந்து இரண்டு வாரம் கொட்டகையிலேதானே கிடந்தான். முகத்தை அவன் செதுக்கியதாகச் சொல்லிவிடலாம் என்று அலோயிஸிடம் சொன்னாள். அவன் வேண்டாம் என்றான். ஆனால் அழுத்தமாகச் சொல்லவில்லை. அவனுக்கும் தப்பிக்க ஓர் ஓட்டை தேவைப்பட்டது.

பெர்த்தோல்ட் வியாழக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார். ஐம்பது தாண்டிய ஆள். முதுகில் வரிவரியாக முதலைத் தழும்பு, வாய் முழுக்கப் பாக்குச் சிவப்பு. தோளில் ஓலையில் கட்டிய சவ்வரிசி மாவு மூட்டை. அதை இறக்கியதும் ஈரமும் புளிப்புமான வாசனை குடிசை முழுக்கப் பரவியது, லுத்வினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டியைக் காயவைத்து அப்பம் தட்டிப் போட்டாள். புகைமீனைப் பிய்த்து வைத்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். விமானத்தில் பயந்துபோய் நடனக்காரன் ஒருவன் தன் இறகுத் தொப்பிக்குள்ளேயே வாந்தி எடுத்த கதையைச் சொல்லி அண்ணன் சிரித்தார்.

“மருமகன் இப்ப என்ன கனம் இருப்பான்? என் முழங்காலு தாங்குமா? ஊர்ல எல்லாரும் கிண்டல் பண்றானுங்க, பெர்த்தோல்ட்டு, நீ பையனப் பிடிக்கப் போறியா, பையன் உன்னையப் பிடிக்கப் போறானாங்கறானுங்க.”

அப்போதே அலோயிஸ் சொல்லியிருக்கலாம். அவன் குனிந்து அப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். லுத்வினா சொல்லிவிட்டாள்.

“அண்ணே, மன்றத்துத் தூண்ல நம்ம வீட்டு முகம் இருக்கு. புரூனோதான் செதுக்குனான்.”

பெர்த்தோல்ட் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார். நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் பொங்க எழுந்து நின்றார். மருமகன் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டால் தாய்மாமன் அவனுக்குப் பெண்டாட்டி மாதிரி பெண்வேஷம் கட்டிக் கோமாளித்தனம் செய்து ஊரைச் சிரிக்க வைப்பது ஆற்றங்கரை வழக்கம். எவ்வளவு அசிங்கமாக வேஷம் கட்டுகிறாரோ அவ்வளவு பெருமை. கொடியில் கிடந்த லுத்வினாவின் கிழிந்த பாவாடையை எடுத்துச் சட்டை, நிஜாருக்கு மேலேயே கட்டிக்கொண்டார். அடுப்புச் சாம்பலை வாரி முகத்தில் பூசினார். அவளுடைய நூல்பையை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டார். ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு கிழவி மாதிரி இடுப்பை ஒடித்து வெளியே இறங்கினார்.

“என் புருசன் எங்க, என் புரூனோ எங்க, அவன் கட்டின வீட்டப் பாக்கப் போறேன்,” என்று கீச்சுக்குரலில் அழுதுகொண்டே அவர் நடக்க, குடிசைப் பகுதி முழுக்கக் கைகொட்டிச் சிரித்தது. ஆற்றங்கரைக்காரர்களுக்கு விஷயம் புரிந்து பின்னாலேயே வந்தார்கள். மற்றவர்கள் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு வந்தார்கள். லுத்வினா கூட்டத்தின் கடைசியில் நடந்தாள். நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம்போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள், அலோயிஸ் இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

தூணின் அடியில் வந்து பெர்த்தோல்ட் குச்சியைப் போட்டார். தாயின் காலில் விழுவதுபோல் விழுந்து எழுந்து, கன்னத்தைத் தடவினார். தடவிய கை நின்றது. கோடுகளின்மேல் பெருவிரலை வைத்து ஒருதரம் மேலும் கீழும் இழுத்தார். அடுத்த கன்னத்திலும் இழுத்தார். உளியின் வாய் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே இறங்கியிருந்தது. எல்லா வெட்டும் அப்படித்தான்.

“லுத்வினா, என் மருமகன் இடக்கைக்காரனா?”

 இடக்கைக்காரனான அலோயிஸ் அவளுக்குப் பின்னால் நின்றான். பெர்த்தோல்ட் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பாவாடையை அவிழ்த்தார், உதறினார், நான்காக மடித்துத் தங்கை கையில் கொடுத்தார். நூல்பையை நெற்றியிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்தார். சாம்பல் பூசிய முகத்தோடு தூணுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டார். சிரித்துக்கொண்டு வந்த கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

அன்று சாயங்காலமும் அங்கிருந்து எழவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் லுத்வினா அப்பம் கொண்டுபோனபோது, நடனக் குழு தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்துவிட்டு வந்து அதே இடத்தில் மறுபடியும் உட்கார்ந்திருந்தார். அப்பத்தைத் தொடவில்லை. அலோயிஸ் பத்தடி தள்ளி வெயிலில் நின்றான். இப்படி ஒரு மணி நேரம் போன பிறகு ஹெனாவோ வந்தார்.

ஹெனாவோ கடலோரத்து மனிதர். வெளுத்த சட்டை, காலுக்கு நீளக் காலுறை, கையில் எப்போதும் ஒரு கோப்பு. நல்லவர். மறுநாள் திறப்பு விழா, அவருக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெர்த்தோல்ட்டுக்குச் சரிசமமாகத் தரையில் உட்கார்ந்தார். காலுறையில் புழுதி அப்பியது. இது ஒரு வகையறாவின் முகம் இல்லை, நாட்டின் முகம் என்று பொறுமையாகச் சொன்னார். எல்லோரும் அவரவர் பொருளை அவரவர் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டால் நாடு என்று ஒன்று எப்படி நிற்கும் என்று கேட்டார். பெர்த்தோல்ட் பாக்கை மென்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஹெனாவோவுக்கே குரல் கம்மியது.

“அண்ணே, நீங்க உக்காந்திருக்கிற இந்தக் குன்று எங்க தாத்தாவோட தோட்டம். நான் சின்ன வயசுல இங்கதான் கிழங்கு பிடுங்கினேன். குழுவுக்கு இதக் குடுத்தது எங்க வீடு. நான் மண்ணையே குடுத்துட்டேன். நீங்க ஒரு முகம் குடுக்கக் கூடாதா?”

பெர்த்தோல்ட் முதல்தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். “உங்ககிட்ட கேட்டாங்களா?”

“கேட்டாங்க. ரெண்டு வருசம் வந்து வந்து கேட்டாங்க. எங்க பெரியப்பா ஒருத்தர் முடியாதுன்னே செத்தாரு. அப்புறமும் கேட்டாங்க.”

“என்கிட்ட யாரும் கேக்கல.”

ஹெனாவோ கோப்பைப் பார்த்தார்.  அலோயிஸ் பத்தடியைத் தாண்டி வந்து மைத்துனர் முன்னால் மண்டியிட்டான். பெண்கொடுத்தவர்முன் மாப்பிள்ளை தலை தாழ்த்திப் பேச வேண்டும், பெயரைச் சொல்லக் கூடாது. அவன் அப்படியே பேசினான்.

“மச்சான், கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?”

“குடுத்திருப்பேன்.” பெர்த்தோல்ட்டின் குரல் உடைந்தது. “நீ ஒரு கடுதாசி போட்டிருந்தா நானே வந்திருப்பேன். அவ பேரப் பாடி, என் கையால கண்ணு வெச்சிருப்பேன். எங்கப்பன் உன் மடியில அவள வெச்சானே, மறந்தா போச்சு? பத்து நாளு உன்னைய நம்பித்தானே வெச்சான். எவனோ தெரியாதவன் செஞ்சிருந்தா நாலு பன்னியத் தண்டமாக் கேட்டுட்டுப் போயிருப்பேன். நீ செஞ்சிட்டு, என் தங்கச்சிய விட்டுப் பொய் சொல்ல வெச்சிட்ட. நான் பாவாடையக் கட்டிக்கிட்டு ஊர் சிரிக்க ஆடிக்கிட்டு வந்தேன்.”

பொய் அவன் சொல்லவைத்தது இல்லை என்று லுத்வினா சொல்ல வாயெடுத்தாள். அலோயிஸ் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான். அந்தப் பழியையும் அவனே எடுத்துக்கொண்டான். 

தூணைப் பிடுங்கச் சொல்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஹெனாவோ மேஸ்திரியைக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தார். பெர்த்தோல்ட் எழுந்து நிஜாரைத் தட்டிவிட்டு, ஊர்ப்பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்வதுபோல் சொன்னார்.

“மரம் நாட்டுது, இருக்கட்டும். வெட்டு அவன் கையிது, இருக்கட்டும். கண்ணு எங்கப்பனுது. பேரு சொல்லாத எடத்துல அவ கண்ணத் தொறந்துகிட்டு நிக்க வேண்டாம். கண்ண எடுத்துரு. எடுக்கலேன்னா டிசம்பர்ல பையன அனுப்பாத. என் மடி அவனுக்கு இல்ல.”

ஹெனாவோ பதறிப்போனார். நாளைக்குப் பதினோரு மணிக்குத் திறப்பு, வெளிநாட்டுத் தூதர்கள் வருகிறார்கள், பொட்டைக் கண்ணோடு ஒரு தாயா, மறுபடியும் ஒரு மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாமே என்றார். அலோயிஸிடம் திரும்பி, ஒன்றரை வருஷ உழைப்பு, தேசத்து வேலை, இதைக் கெடுத்தால் உன் பெயரைக் கல்வெட்டில் வைக்க முடியாது என்றும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகவே சொன்னார்.

அலோயிஸ் எழுந்து கொட்டகைக்குப் போனான். வரும்போது கையில் மெல்லிய உளி ஒன்றும் ஒரு குவளை வெந்நீரும் இருந்தன. கண்களைச் சுற்றி வைத்திருந்த பிசினை நனைத்து நனைத்து இளக்கினான். இடது கைதான் உளியைப் பிடித்திருந்தது. அவன் செதுக்கியதிலேயே நல்ல முகம் அதுதான் என்று லுத்வினாவுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வலது கண் முதலில் வந்தது. இடது கண் வர மறுத்தது, உளியின் முனை வழுக்கி அவன் விரலைக் கிழித்தது. ரத்தம் தாயின் கன்னத்துக் கோட்டில் இறங்கியது. அவன் அதைச் சட்டையால் துடைத்துவிட்டு மறுபடியும் வெந்நீரை விட்டான்.

இரண்டு வில்லைகளையும் மைத்துனரிடம் நீட்டினான். பெர்த்தோல்ட் வாங்கவில்லை. தங்கையைக் காட்டினார்.

“அப்பா உனக்குக் குடுத்தது. நீயே வெச்சுக்க. ஒருநாள் இவன் மொறையா வந்து கேப்பான். அன்னிக்கு நான் சொல்றேன், எடுத்துக் குடு.”

அதன் பிறகுதான் அவர் ஆறிப்போன அப்பத்தை எடுத்துத் தின்றார்.

சனிக்கிழமை காற்று அடங்கியிருந்தது. கொடிகள் எல்லாம் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கின. வேலியை எடுத்துவிட்டதால் சாக்கு விரிக்க இடமில்லை. லுத்வினாவும் கோப்பிலும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்கள். தீவுக்காரர்கள் ஆடினார்கள், மலைநாட்டார் மேளம் தட்டினார்கள். பெர்த்தோல்ட்டின் குழு ஆடும்போது அவர் மூன்றாவது தூணுக்கு முதுகைக் காட்டியே ஆடினார். அது நடனத்தின் முறை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அலோயிஸ் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு சிற்பிகள் வரிசையில் ஓரமாக நின்றான்.

ஹெனாவோ ஒலிபெருக்கியின் முன்னால் வந்தார். இரவெல்லாம் எழுதியிருப்பார்போல, தாள் கசங்கியிருந்தது. ஒவ்வொரு தூணாக விளக்கிக்கொண்டு வந்தவர் மூன்றாவது தூணுக்கு வந்ததும் தாளை ஒருதரம் நீவினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். இவள் நம் எல்லோருக்கும் தாய், இவளுக்குக் கண்கள் இல்லை, ஏனென்றால் தன் பிள்ளைகளில் யார் ஆற்றங்கரை, யார் மலை, யார் தீவு என்று இவள் பார்ப்பதில்லை. தூதர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். பிரமாதமாகக் கைதட்டினார்கள். மந்திரி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹெனாவோ மட்டும் தட்டவில்லை, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன் தாத்தாவின் தோட்டத்து மண்ணைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

லுத்வினாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாவம், அவரும் ஏதோ ஒன்றைக் கட்டிக் காப்பாற்றத்தான் பார்க்கிறார் என்று பட்டது. ஆனால் அந்தத் தாய்க்குப் பெயர் உண்டு. அவளுக்கு மலை எது, ஆறு எது, தன் பிள்ளை எது, மருமகன் எது என்று எல்லாம் தெரியும். தெரிந்தவளை நிற்கவைத்துத் தெரியாதவள் என்று சொல்கிறார்களே என்று நெஞ்சு வலித்தது. நூல்பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். துணிமுடிச்சுக்குள் இரண்டு வில்லைகளும் ஒன்றோடொன்று உரசின.

கூட்டம் கலைந்த பிறகு கோப்பில் தூணுக்கு அருகே போய், முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று வருஷமாகக் கட்டடத்தைக் குறை சொல்லியே பழகியவள், இன்றைக்கும் விடவில்லை.

“அந்த ஆளு என்ன வேணா சொல்லட்டும். கண்ணு இல்லாத அம்மா எங்கனாச்சும் உண்டாடி? செஞ்சவன் வெக்க மறந்துட்டான். இப்ப மூடி மறைக்கிறானுங்க.”

லுத்வினா நூல்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“மறக்கல,” என்றாள். “என்கிட்ட இருக்கு.”